பிடுங்கிய மூன்று நிரைகள்

பதுளை
24.09.2023

அன்புள்ள அண்ணிக்கு,

பிரவீனன் எழுதுகிறேன். நான் சுகம். போர்டிங் வீட்டுச் சோறு மட்டும் சுகமில்லை. அண்ணனின் முழங்கால் வீக்கம் வற்றியதா? என்னோடு போனில் பேச அவர் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள். இனி நாம் கடிதத்திலேயே பேசிக்கொள்வோம். மடுல்சீமை பஸ் கண்டக்டர் மொஹிதீன் நானா கடிதத்தையும் மண் பைகளையும் கைக்குக் கை சேர்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் மரக்கறித் துண்டு நிலத்தின் மண்ணைப் பரிசோதித்தோம். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு உங்களுக்குக் கொடுத்த நிலம் அல்லவா, எத்தனையோ வருஷம் உரம் கொட்டியிருக்கிறார்கள். பொஸ்பரஸ் நிறையவே இருக்கிறது. ஆனால் போஞ்சிச் செடிக்கு அது கிடைப்பதில்லை. நம்முடைய சிவப்பு மண் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. உங்கள் போஞ்சி குட்டையாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

துவரை வேர் கெட்டிக்கார வேர். ஒருவகை அமிலத்தைக் கசியவிட்டு, இரும்பின் பிடியிலிருந்து பொஸ்பரஸைக் கழற்றிவிடும். வேரை ஒட்டிய நகக்கண் அளவு மண்ணில்தான் இந்த வேலை நடக்கிறது. துவரையை வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டு, அங்கே போஞ்சி நட்டால் கழன்ற பொஸ்பரஸ் போஞ்சிக்குக் கிடைக்கும் என்பது என் எண்ணம். என் மாஸ்டர்ஸ் பட்டமே இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

பன்னிரண்டு நிரை போடுங்கள். கோயில் பக்கமிருந்து ஆறு நிரை துவரை. வடிகான் பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க, ஆறு நிரை சோளம். மாசியில் இரண்டையும் கணுக்கால் உயரத்தில் கத்தியால் வெட்டவேண்டும். வேரைத் தொடவே கூடாது. பிறகு பன்னிரண்டு நிரையிலும் போஞ்சி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விவசாய ஆராய்ச்சி ஸ்டேஷன் ஆபீஸில் ஒருவர், "தோட்டத்து ஆளுங்க கையிலயா ஆராய்ச்சியக் குடுக்கப் போற? ஸ்டேஷன்லயே நடு" என்றார். "எங்க அண்ணி கையில குடுக்குறேன்" என்றேன். என் மேலதிகாரி இரகுநாதன் சார் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு குறைவு. "பொறுப்பு உம்மட பொறுப்பு, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.
பிரவீனன்


மடுல்சீமை
03.10.2023

அன்புத் தம்பி பிரவீனனுக்கு,

அண்ணி லீலாதேவி எழுதுவது. உன் அண்ணனின் வீக்கம் வற்றிவிட்டது. முனகல்தான் வற்றவில்லை. உன் அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகச் சண்டை போடுகிறார். நீ போர்டிங் சோற்றைக் குறை சொல்லாமல் தின்று உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். விளங்கிவிட்டது. என் கல்யாணத் தோடு பதினெட்டு வருஷமாக உன் அம்மாவின் பெட்டியில் இருக்கிறதே, அதே கதை. தோடு என்னுடையது, வீட்டில்தான் இருக்கிறது, என் காதுக்கு மட்டும் வராது. துவரையிடம் என்ன மந்திரம் இருக்கிறது என்று கேட்டுச் சொல், எனக்கும் உதவும்.

விதை வந்து சேர்ந்தது. பன்னிரண்டு நிரையும் நூல் பிடித்தாற்போல் போட்டாகிவிட்டது. உன் ஆபீஸ்காரரிடம் நான் சொன்னதாகச் சொல். பதினெட்டு வருஷமாகக் காலைப் பெரட்டில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது நான் இல்லாமல் இருந்ததில்லை. எனக்குக் கொடுத்த கொழுந்து நிரையில் ஒரு செடியை விட்டுவிட்டேன் என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை. இந்தப் பன்னிரண்டு நிரையா பெரிய காரியம்? நீ தைரியமாகப் படி.

உன் அன்பு அண்ணி


மடுல்சீமை
17.01.2024

அன்புத் தம்பிக்கு,

பொங்கலுக்கு வராமல் கண்டியில் வகுப்பு என்று தப்பிவிட்டாய். உன் பங்கு பொங்கலை உன் அண்ணனே தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இப்போது சுகம்.

துவரை என் இடுப்பைத் தாண்டிவிட்டது. மஞ்சள் பூ பூத்திருக்கிறது. கொட்டிய மழையில் பக்கத்துத் துண்டுகளில் செடிகள் வெளுத்துப்போய் நிற்க, துவரை மட்டும் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கிறது. லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் தினமும் வந்து பார்க்கிறார்கள். "பருப்புக்கா நட்டிருக்க?" என்று கேட்கிறார்கள். "இல்ல, வேருக்கு" என்றால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நீ கொடுத்த களப் புத்தகத்தில் மழை, களை, பூ எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுகிறேன். உன் சார் வாசித்தால் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

அண்ணி


பதுளை
25.02.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். லேசான தடிமன், மூக்கு ஒழுகுகிறது, கொத்தமல்லி குடிக்கிறேன். களப் புத்தகத்தின் பிரதி கிடைத்தது. சார் சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இனி வெட்டலாம். கணுக்கால் உயரத்தில், கத்தியால். வெட்டிய துவரையும் சோளமும் எவ்வளவு நிறை என்று பார்த்து எழுதிவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

முக்கியமான செய்தி. மார்ச் 7, வியாழக்கிழமை, இரகுநாதன் சார் கொழும்பிலிருந்து வரும் இரண்டு பேரோடு உங்கள் நிலத்தைப் பார்க்க வருகிறார். அடுத்த வருஷம் இந்த வேலையைத் தொடரலாமா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அன்றைக்கு எனக்குக் கண்டியில் பரீட்சை. உங்களை நம்பித்தான் போகிறேன், அண்ணி. ஒரு தேத்தண்ணி மட்டும் கொடுத்தால் போதும், விருந்து வேண்டாம்.

அன்புடன்
பிரவீனன்


மடுல்சீமை
10.03.2024

அன்புத் தம்பிக்கு,

பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய், கேட்கவே தேவையில்லை. தடிமனுக்குக் கொத்தமல்லியோடு இஞ்சியும் தட்டிப் போடு.

வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்! விருந்து வேண்டாம் என்றாய். வடை விருந்தில் சேர்த்தியா? முப்பது சுட்டேன், கொழும்புக்காரர் ஒருவர் மட்டும் ஏழு தின்றார். உன் சார் ஒன்று தின்றுவிட்டு இன்னொன்றைக் கடுதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டார். இலை போட்டுச் சாப்பிடலாம் போல் இருந்தது நிலம். கொழும்புக்காரர் போன் எடுத்துப் படம் படமாகப் பிடித்தார். "நல்ல துப்பரவா வைச்சிருக்கிறியள்" என்று உன் சாரும் சொன்னார். உன் அண்ணன் கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். இனி உன் ஆபீஸ்காரர் வாயைத் திறக்கட்டும், பார்ப்போம்.

வரும் வெள்ளிக்கிழமை போஞ்சி நடுவோம்.

அண்ணி


பதுளை
19.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தடிமன் போய்விட்டது, இஞ்சிக்கு நன்றி. நீங்கள் சுட்ட வடை பற்றி ஆபீஸ் முழுக்கப் பேச்சு. சார் படங்களைக் காட்டினார். நிலம் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு சின்னக் கேள்வி. படத்தில் அடிக்கட்டைகள் தெரியவில்லை. கணுக்கால் உயரத்துக்கும் கீழே வெட்டிவிட்டீர்களா? அது பரவாயில்லை. வேர் உள்ளே இருக்கிறதுதானே?

இத்துடன் இரண்டு பை அனுப்புகிறேன். துவரை நிரை ஆறிலும் கொஞ்சம் கொஞ்சமாக மண் எடுத்துக் கலந்து ஒரு பையில் போடுங்கள். சோள நிரை ஆறிலும் அப்படியே இன்னொரு பை. அம்மாவின் இருமல் எப்படி?

பிரவீனன்


மடுல்சீமை
11.04.2024

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. இரண்டு பையிலும் மண் இருக்கிறது, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். போஞ்சி முளைத்துவிட்டது. புது வருஷத்துக்கு வேலை தலைக்கு மேல், அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

அண்ணி


பதுளை
19.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டில் அனைவரும் சுகம்தானே? போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

மண் முடிவு வந்துவிட்டது. செடிக்குக் கிடைக்கக்கூடிய பொஸ்பரஸ் சோளப் பக்கத்தில் நான்கு, துவரைப் பக்கத்தில் ஐந்து. குறைந்தது எட்டு வரும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் வித்தியாசமாகவே எடுக்கமாட்டார்கள்.

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை, அண்ணி. நீங்கள் சொன்னது சொன்னபடி செய்தீர்கள். என் எண்ணம்தான் தப்பு. துவரை வேர் நம் மண்ணில் வேலை செய்யவில்லை என்று எழுதி, ஜூன் 30ஆம் தேதி அறிக்கையைக் கொடுத்துவிடப் போகிறேன். பட்டம் கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டாலும் உலகம் அழிந்துவிடாது. ஒரே ஒரு வருத்தம். நாளைக்கு யாராவது இதைப் படித்துவிட்டு மலைநாட்டில் துவரை நடவே தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

போஞ்சியைப் பறித்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இனி நிறை பார்க்கத் தேவையில்லை.

அன்புடன்
பிரவீனன்


மடுல்சீமை
16.06.2024

அன்புத் தம்பி பிரவீனனுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நான்காவது இது.

உன் எண்ணம் தப்பில்லை. நான்தான் தப்புச் செய்தேன்.

ஆட்கள் வருவதற்கு முதல் நாள், புதன்கிழமை, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி வந்து நிலத்தைப் பார்த்தேன். அடிக்கட்டைகள் முள்ளு முள்ளாக நின்றன. தோட்டத்துத் தொரை வருகிறார் என்றால் லயத்து வாசலைக் கூட்டி, கானைத் தோண்டி, ஒரு புல் இல்லாமல் சுரண்டி வைப்போம் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். குப்பையாகக் கிடக்கும் நிலத்தைப் பெரிய ஆட்களுக்குக் காட்ட என் கை ஒப்பவில்லை. கோயில் பக்கமிருந்து வேரோடு பிடுங்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று நிரை முடிந்தது. நாலாம் நிரைக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. விடியக் காலையில் மிச்ச நிரைகளின் கட்டைகளை மண்ணோடு மண்ணாகச் சீவி, மேலே மண் தூவி, எல்லாம் ஒன்றுபோல் ஆக்கினேன். பிடுங்கும்போது நீ சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்பாய். ஞாபகம் இருந்தது. மூன்று நிரை போனால் என்ன என்று நினைத்தேன்.

உன் சார் குனிந்து பார்த்துவிட்டு, "அடிக்கட்டை ஒண்டையும் காணேல்லையே, பிள்ளை?" என்று கேட்டார். "எல்லாம் மண்ணுக்குள்ள இருக்குங்க சார்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

பிறகு நீ மண் கேட்டாய். வேர் இருக்கும் நிரையில் கொஞ்சம் கிள்ளிப் போட்டுவிட்டு, பிடுங்கிய மூன்றிலும் நிறைய அள்ளிப் போட்டேன். வேர் உள்ள மண்ணும் இல்லாத மண்ணும் பாதிப் பாதியாய்க் கலந்தால் முடிவு குழம்பி நீ கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம். உனக்கு ஐந்து வந்தது அதனால்தான்.

ஏன் சொல்லவில்லை? "தோட்டத்து ஆளுங்க கையிலயா" என்று அந்த மனிதர் சொன்னாரே, அது என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது சரி என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா? ஆனால் உன் கடிதத்தில் "என் எண்ணம்தான் தப்பு" என்று படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பொய்யை நீ உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாய். துவரையும் பாவம், அது என்ன செய்தது?

நீ நிறுக்கவேண்டாம் என்றாய். நான் ஏற்கெனவே நிறுத்துக்கொண்டுதான் இருந்தேன். நாங்கள் கொழுந்தை ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தானே நிறுப்போம், கலந்து நிறுத்தால் அடிபிடி வரும். போஞ்சியையும் அப்படி நிரைக்கு நிரை தனித்தனியாகத் தராசில் போட்டேன். முழுப் பறிப்பும் முடிந்துவிட்டது. கேள்.

பிடுங்கிய ஒன்று, இரண்டு, மூன்றாம் நிரை: ஏழு கிலோ, ஆறரை, ஏழு.
வேர் இருந்த நாலு, ஐந்து, ஆறாம் நிரை: பதினொன்றரை, பன்னிரண்டு, பதினொன்று.
சோளம் இருந்த ஆறு நிரையும் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில்.

இன்னொன்று. பிடுங்கிய கட்டைகளை வேரில் ஒட்டிய மண்ணோடு கான் ஓரத்தில் குவித்தேன். அங்கே யாரும் போடாத பூசணி ஒன்று தானாக முளைத்து, கானை மூடி, பாதையில் ஏறிவிட்டது. இலை ஒவ்வொன்றும் சுளகு அளவு. நீ சொன்ன நகக்கண் அளவு மண் எங்கே போனது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறேன்.

பிடுங்கிய தேதி, நேரம், நிரை எல்லாம் களப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். புத்தகத்தையும் அனுப்புகிறேன். உன் சாரிடம் காட்டு. அந்த ஆபீஸ்காரரிடமும் காட்டு. திட்டு வந்தால் எனக்கு வரட்டும்.

அண்ணி லீலாதேவி


பதுளை
02.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் முதலில் நன்றாகச் சாப்பிடுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள்.

முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். கடிதத்தை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டேன். இரண்டாம் நாள் எடுத்து எண்களை மட்டும் வாசித்தேன். மூன்றாம் நாள் இரகுநாதன் சாரிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்தது அத்தனையும் சொன்னேன்.

அவர் நிரை நிரையாக விரல் வைத்துப் படித்தார். பிறகு, "அண்டைக்கு நான் கேட்டனான், மண்ணுக்குள்ள எண்டு சொன்னவ" என்றார். அவரே தொடர்ந்தார். "பிழை விட்டவ எண்டு எழுதும். எந்த நிரை, எத்தினை மணி எண்டும் எழுதும். தன்ர பிழையை இவ்வளவு திருத்தமா எழுதின ஆளை நான் ஸ்டேஷனிலயும் காணேல்லை."

இந்த எண்களை அப்படியே முடிவாகக் கொடுக்க முடியாது, அண்ணி. திட்டம் போட்டுச் செய்ததல்ல, ஒரு மூலையில் மட்டும் நடந்தது. ஆனால் வேரை விடுவதா பிடுங்குவதா என்ற கேள்வியை நான் கேட்கவே மறந்திருந்தேன். வேரை விடுங்கள் என்று சொன்னேனே தவிர, பிடுங்கிய நிரையோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கவில்லை. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. போகட்டும். அடுத்த போகத்தில் நாலு நிரை துவரை வேரோடு, நாலு நிரை துவரை பிடுங்கி, நாலு நிரை சோளம். மூன்றையும் கலந்து கலந்து நடுவோம், சீட்டுக் குலுக்கி எந்த நிரை எது என்று முடிவு செய்வோம். மண்ணும் நிரைக்கு ஒரு பை. பன்னிரண்டு பை வரும், மொஹிதீன் நானாவுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஆபீஸ்காரரிடம் நான் புத்தகத்தைக் காட்டவில்லை. சார் காட்டினார்.

நிலம் உங்கள் கையில்தான், களப் புத்தகத்தையும் திருப்பி அனுப்புகிறேன். பிடுங்கவேண்டிய நாலு நிரையை மட்டும் பிடுங்குவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பூசணியை என்ன செய்தீர்கள்?

அன்புடன்
பிரவீனன்


மடுல்சீமை
09.03.2025

அன்புத் தம்பி பிரவீனனுக்கு,

எல்லாரும் சுகம். உன் அண்ணனின் முழங்கால் மறுபடி வீங்கி மறுபடி வற்றிவிட்டது. உன் அம்மாவின் பெட்டி இன்னும் திறக்கவில்லை, என் காது இன்னும் வெறும் காதுதான். போன வருஷப் பூசணியின் விதையை லயம் முழுக்க வாங்கிக்கொண்டு போனார்கள். விதையில் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை.

இந்தத் தடவையும் உனக்குப் பரீட்சை வந்து சேர்ந்துவிட்டதே, நீ வேண்டுமென்றுதான் போகிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

புதன்கிழமை துவரை எட்டு நிரை, சோளம் நாலு நிரை எல்லாம் வெட்டியாகிவிட்டது. சீட்டில் விழுந்த நாலு துவரை நிரையை மட்டும் பிடுங்கினேன். மிச்சம் எட்டு நிரையிலும் கட்டை. பின்னேரம் தோட்டத்து பீல்ட் ஆபீசர் ஐயா பார்த்துவிட்டுப் பதறிவிட்டார். "லீலா, நாளைக்குப் பெரிய ஆளுங்க வாறாங்க, இது என்ன காடு மாதிரி? நாலு ஆள அனுப்பவா?" என்றார். "ஒரு கட்டைய தொட வேணாங்க ஐயா. கீழ வேர் வேல செய்யுது" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை உன் சார் வந்தார். கூடவே யார் என்று நினைக்கிறாய்? உன் ஆபீஸ்காரர். நல்ல சப்பாத்து போட்டிருந்தார். ஆறாம் நிரையில் கட்டை இடறி விழப் பார்த்தார். "இத ஏன் துப்புரவு பண்ணி வைக்கல?" என்று என்னிடம் கேட்டார். உன் சார் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் களப் புத்தகத்தை எடுத்து ஆபீஸ்காரர் கையில் கொடுத்தேன். "ஆறாம் நிரை, வேரோட விட்ட நிரைங்க சார். இங்க எழுதியிருக்கு. இடறி விழுந்தீங்கன்னா அதையும் நேரம் போட்டு எழுதிருவேன்" என்றேன்.

உன் சார் சிரித்தார், தம்பி. அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்று உனக்குத் தெரியுமா? ஆபீஸ்காரர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தார்.

மண் பை பன்னிரண்டும் களப் புத்தகமும் இத்துடன் வருகின்றன. பை ஒவ்வொன்றிலும் நிரை எண் இருக்கிறது. துவரை வேர் விட்ட நிரையின் மண் நாலு பை, பிடுங்கிய நிரையின் மண் நாலு பை, சோள நிரையின் மண் நாலு பை. எது எது என்று நீ ஆய்வுக்கூடத்திலேயே கண்டுபிடி, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்.

அந்தக் கட்டைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் கை அரிக்கிறது. அவர்கள் நின்ற நேரமெல்லாம் சேலைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டுதான் நின்றேன். முன்வாசலில் நின்று பார்த்தால் என் நிலம்தான் இந்த டிவிஷனிலேயே அசிங்கமான நிலம். தலை நிமிர்ந்து எழுதுகிறேன்.

அண்ணி லீலாதேவி